அலையாத்திக் காட்டின் கார்பன் சேற்றில்தான் இருக்கிறது

அலையாத்தி நடும் விழாக்களில் எத்தனை ஆயிரம் நாற்று என்பதைத்தான் முதலில் அறிவிப்பார்கள். கார்பன் கணக்குக்கு அந்த எண் பெரிதாக உதவாது. இந்தோ-பசிபிக் காடுகளைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வில், மொத்தக் கார்பனில் 49 முதல் 98 விழுக்காடு வரை மண்ணில் இருந்தது.

கடல் ஏற்ற இறக்கத்தில் வந்து போகும் ஓதநீர் ஊறிய சேற்றில் மேல்தோலுக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். உதிர்ந்த இலையும் செத்த வேரும் மட்க முடியாமல் கிடக்க, வண்டல் மேலே படிந்து மூடிக்கொண்டே போகும். சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை வாடை, நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழ்வதால் வருவது. (மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், ஆனால் அது நல்ல அறிகுறி.) சல்பேட் மிகுந்த இடத்தில் மீத்தேனும் குறைவாகவே உருவாகும்.

அளக்கும் முறை எளிது. ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி மண் எடுத்து, உலர் அடர்த்தியையும் கரிமக் கார்பன் விழுக்காட்டையும் பார்க்க வேண்டும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.8 கிராம், கார்பன் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 160 டன் கார்பன். கார்பன் எடையைக் கார்பன் டை ஆக்சைடு எடையாக மாற்ற, அதை 3.67ஆல் பெருக்கினால் சுமார் 587 டன் கார்பன் டை ஆக்சைடு. பிழை இரண்டு இடங்களில் புகும். குழாய் இறங்கும்போது சேறு அமுங்கினால் ஆழக் கணக்கு தவறிவிடும். சிப்பித் துகள்களை அமிலத்தால் நீக்காவிட்டால் சுண்ணாம்பின் கார்பனும் கூட்டலில் சேர்ந்துவிடும்.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஆங்கிலேயர் காலம் தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட சேறு உலர்ந்து அமிழ்ந்து பள்ளமானது. ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லாத இந்தக் கரையில், பள்ளத்தில் புகுந்த நீர் வடியாமல் காய்ந்து உப்பு ஏறியது. அங்கே எத்தனை முறை நட்டாலும் கன்று கருகும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே வரவும் வெளியேறவும் விட்ட பிறகுதான் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிடித்தது. வாய்க்கால் தூர்ந்தால் பழைய கதைதான். ஆகவே தூர்வாரும் செலவை முதல் திட்ட அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். பல திட்டங்களில் அந்த வரியே இருப்பதில்லை.

இறால் குளத்துக்காகச் சேற்றைத் தோண்டிக் கரையில் கொட்டினால், பல நூறு ஆண்டு மட்காமல் கிடந்த கார்பனைக் காற்று தொட்டுவிடும். குளத்தைக் கைவிட்ட பிறகு நாற்று நடுவது இரண்டாம் வேலை. முதலில் கரையை உடைத்து ஓதநீரை உள்ளே விடுங்கள். அருகில் தாய்மரங்கள் இருந்தால் விதைகளை அந்த நீரே கொண்டுவந்து சேர்க்கும்.