கம்பி சூடானால் கணக்கும் மாறும்

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால், ஒரு நொடியில் கம்பியில் பிறக்கும் வெப்பம் கிடைத்துவிடும். 1840-41இல் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் சோதித்துக் கண்ட விதி இது. ஆனால் உலையையோ மின்கருவியையோ வடிவமைப்பவருக்கு இந்த ஒரு வரி போதாது. சூடு ஏற ஏற மின்தடையே மாறிவிடுகிறது.

தாமிரத்தையே பார்ப்போம். அறை வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அதன் தடை சுமார் 0.39 சதவீதம் கூடும். தடை மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கில் கம்பி 50 டிகிரி சூடேறும் என்று வந்ததாகக் கொள்வோம். மின்னோட்டத்தை மாற்றாமல், தடை கூடுவதையும் சேர்த்துக்கொண்டால் விடை 62 ஆகிறது. பழைய கணக்கில் 100 வந்தால் புதியதில் 164. பழையது 256ஐ நெருங்கும்போது புதிய கணக்கில் விடையே இல்லாமல் போகிறது. சூடு வெளியேறும் வேகம் வெப்பநிலை உயர்வுக்கு நேர்விகிதம் என்ற எளிய அனுமானத்தில் வரும் எண்கள்தாம் இவை. ஆனாலும் விடை இல்லை என்பதற்குத் தெளிவான பொருள் உண்டு: பிறக்கும் வெப்பத்தை வெளியேறும் வெப்பம் எட்டிப்பிடிக்கவே முடியாது.

மின்னோட்டத்துக்குப் பதில் மின்னழுத்தத்தை மாறாமல் வைத்தால் கதை தலைகீழ். தடை கூடினால் ஓட்டம் குறையும், சூடும் தணியும். குண்டு பல்பின் டங்ஸ்டன் இழைக்குக் குளிர்ந்த நிலையில் இருக்கும் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சுவிட்சைப் போட்டதும் பாயும் பெரிய மின்னோட்டம், இழை சூடான கணத்தில் தானாக அடங்கிவிடும். தேய்ந்த பல்புகள் பெரும்பாலும் போட்டவுடனே பட்டென்று போவது அந்த முதல் பாய்ச்சலால்தான்.

கண்ணாடி இதற்கு நேர் எதிர். குளிரில் மின்சாரத்தைக் கடத்தாது. உருகிய பின் அதிலுள்ள சோடியம் அயனிகள் நகர்ந்து கடத்தத் தொடங்கும். மின் உலையில் கண்ணாடியை முதலில் நெருப்பால் சூடேற்றுவது இதனால்தான். சூடு மிகுந்த தடத்தில் ஓட்டம் கூடும், அதனால் அத்தடம் இன்னும் சூடாகும். மின்முனைகளை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது இந்தப் போக்கை முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

ஆகவே கணித மாதிரியில் இரண்டு சமன்பாடுகள் வேண்டும். மின்னழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஒன்று சொல்லும். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதை மற்றது சொல்லும். இந்த இரண்டாவதின் அடித்தளம் 1822இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியர் வகுத்தது. முதலாவது தரும் வெப்பம் இரண்டாவதில் நுழைகிறது. இரண்டாவது தரும் வெப்பநிலை முதலாவதின் கடத்துதிறனைத் திருத்துகிறது. பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, விடை நிலைக்கும்வரை கணினி இரண்டையும் மாறி மாறித் தீர்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ஸ்பாட் வெல்டிங். இரண்டு தகடுகளை அழுத்திப் பிடித்து, ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாய்ச்சுவார்கள். தகடுகள் வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பவை நுண்ணிய மேடுகள் மட்டுமே. அந்த இடுக்கில் தடை அதிகம், சூடு அங்கேதான் பிறக்கிறது. சூட்டில் மேடுகள் இளகி நசுங்க, தொடும் பரப்பு விரிந்து தடை சரிகிறது. வெப்பத்தைத் தொடங்கிவைத்த தடையை அந்த வெப்பமே அழித்துவிடுவதால், இங்கே உலோகம் நசுங்குவதற்கான மூன்றாவது சமன்பாட்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டியிருக்கிறது.