கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் கண் கூசும்

இரவில் பினாங்கின் பத்து பெரிங்கி கடலோரச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வளைவில் எதிரே வரும் கார் கண்ணைப் பறிக்கிறது. 'ஹை பீமைப் போட்டுக்கொண்டு வருகிறான் பார்' என்று திட்டிக்கொண்டே நாம் ஒரு முறை விளக்கைச் சிமிட்டுகிறோம். பதிலுக்கு அவரும் சிமிட்டுகிறார். அப்போதுதான் தெரிகிறது, இவ்வளவு நேரமும் எரிந்தது அவருடைய லோ பீம் என்று.

பல்பின் வாட்டைக் குறை சொல்வது எளிது. பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல ஹெட்லைட்டின் லோ பீமைச் சுவரில் அடித்துப் பாருங்கள்: கீழே பளீரென்ற வெளிச்சம், மேலே இருட்டு, இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. இதைக் கட்-ஆஃப் என்பார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் கோடு வலப்பக்கம் தட்டையாக இருக்கும், இடப்பக்கம் சற்று மேலேறும். சாலையோரம் நடப்பவரும் அறிவிப்புப் பலகையும் தெரிய வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணில் படக் கூடாது. அவர் கண் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும்வரை, கீழே எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் அவருக்குத் தொந்தரவு இல்லை.

இந்தக் கோடு பொதுவாக 1 சதவீதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். 10 மீட்டர் தள்ளி 10 சென்டிமீட்டர் இறக்கம், 25 மீட்டரில் 25 சென்டிமீட்டர். நமக்கும் எதிராளிக்கும் நடுவே இருக்கும் பாதுகாப்பு இவ்வளவுதான்.

இனி விளக்குக்கு உள்ளே போவோம். பல்புக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பரவளைய வடிவக் கண்ணாடியின் குவியத்தில் ஒளி இருந்தால் கதிர்கள் இணையாக வெளியே போகும். ஒளி குவியத்தை விட்டு நகர்ந்தால் கதிர்க்கற்றையும் திரும்பும். கணக்கு சுலபம்: நகர்ந்த தூரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் கற்றை எவ்வளவு சாய்ந்தது என்று கிடைத்துவிடும். குவியத் தூரம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பல்ப் கால் மில்லிமீட்டர் கீழே இறங்கினால், கற்றை 1 சதவீதம் மேலே ஏறும். ஒளி இறங்கினால் கற்றை ஏறும், கண்ணாடியின் குணம் அது. ஆக, மொத்தச் சாய்வையும் விழுங்கிவிடக் கால் மில்லிமீட்டர் போதும்.

ஹாலோஜன் பல்ப் செய்தவர்கள் இதை அன்றே உணர்ந்திருந்தார்கள். எச்7 என்ற வகை பல்பைக் கையில் எடுத்தால் அடியில் ஓர் உலோக வளையம் இருக்கும். அழகுக்கு வைத்ததல்ல. அந்த வளையத்தின் தளத்திலிருந்து சரியாக 25 மி.மீ. தூரத்தில் இழைச்சுருள் வரவேண்டும் என்பது தர அளவு. லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் இழை வைத்த எச்4 வகையில் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார்கள்: லோ பீம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று, கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைக்கும். சுவரில் தெரியும் கோட்டை வரைவதே அந்தக் கிண்ணத்தின் விளிம்புதான்.

இப்படிப்பட்ட கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகினால் என்ன ஆகும்? சிப்புகள் ஒரு தகட்டின் இரண்டு முகத்திலும் ஒட்டியிருக்கும். தகடு 2 மி.மீ. தடிமன் என்றால் ஒவ்வொரு முகமும் அச்சை விட்டு 1 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. கால் மில்லிமீட்டர் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்க்ரூவைத் திருகி இறக்கிவிட்டால் சரியாகிவிடும்' என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். அந்தத் திருகாணி விளக்கு முழுவதையும் சாய்க்கும், அவ்வளவே. கலைந்துபோன கோட்டை அது திரும்ப வரைந்து தராது.

சரி, தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.யோடு பிறக்கும் விளக்குகள்? இதைப் பேச பினாங்குக்காரர்களுக்கு உரிமை உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் தொடங்கியபோது முதலில் வந்த நிறுவனங்களில் எல்.இ.டி. செய்யும் லிட்ரோனிக்ஸும் ஒன்று. பின்னாளில் ஆஸ்ராம் என்ற விளக்கு நிறுவனத்தின் பகுதியானது அதுதான். நம் வீட்டு ஆட்கள் ஷிஃப்ட்டுக்குப் போய்ச் செய்த பொருள் எங்கோ ஒரு காரின் முகத்தில் எரிந்துகொண்டிருக்கலாம்.

எல்.இ.டி.யின் முதல் சிக்கல் அதன் உடம்புதான். ஒளிரும் பரப்பு ஏறக்குறைய 1 மி.மீ. சதுரம். அது உட்கார்ந்திருக்கும் உறை அதைவிடப் பெரிது, ஒளிரும் பரப்பு உறையின் சரியான நடுவில் இருக்கும் என்று சொல்லவும் முடியாது. பாகங்களைச் சர்க்யூட் பலகையில் எடுத்து வைக்கும் மெஷின் வழக்கமாக உறையின் ஓரங்களைப் பார்த்து மையம் பிடிக்கும். சாதாரணச் சில்லுக்கு அது போதும். ஹெட்லைட்டுக்குப் போதாது. அதனால் மெஷினின் கேமரா உறையை விட்டுவிட்டு ஒளிரும் பரப்பின் நான்கு மூலைகளைத் தேடி அளக்கிறது.

அளந்து வைத்ததும் வேலை முடிந்ததா என்றால், அடுத்தது சோல்டரை உருக்கிப் பாகங்களைப் பலகையோடு ஒட்டவைக்கும் ரீஃப்ளோ அடுப்பு. ஈயமில்லாத சோல்டர் ஏறக்குறைய 217 டிகிரியில் உருகும். அந்தச் சில விநாடிகள் எல்.இ.டி., ஜெட்டியில் கட்டாமல் விட்ட சம்பான் மாதிரி மிதக்கிறது. உருகிய சோல்டரின் பரப்பு இழுவிசை அதை இழுத்துச் செப்புத் தளத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தும். மற்ற பாகங்களுக்கு இது வரம். வைத்தபோது கோணலாக இருந்தாலும் தானாக நேராகிவிடும். இங்கே எதிர்ப்பலன், கேமரா பார்த்துப் பார்த்து வைத்த இடம் போய்விடுகிறது. ஒரு வழி, அடுப்புக்குப் போகும் முன்னரே ஓரங்களில் பசைப்புள்ளி வைத்துப் பிடித்துக்கொள்வது. எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு வழி: அது போகிற இடத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுப்பிலிருந்து வந்தபின் ஒளிரும் பரப்பு எங்கே நின்றது என்று அளந்து, அதிலிருந்து கணக்கிட்டு லென்ஸைப் பலகையில் பொருத்தும் ஊசிகளுக்கான துளைகளைப் போடுவது. பிழையைத் திருத்தாமல் பிழைக்கு ஏற்றபடி மற்றதை நகர்த்திவிடுகிறார்கள்.

அந்தத் துளைகளையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒன்று வட்டம், மற்றது நீள்வட்டப் பிளவு. லென்ஸ் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சூட்டில், பலகையின் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். ஊசிகளுக்கு இடையே 50 மி.மீ., வெப்பம் 60 டிகிரி உயர்ந்தது என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.13 மி.மீ. வரும். இரண்டு துளையும் இறுக்கமாக இருந்தால் லென்ஸ் வளையும். பிளவு இருப்பதால் வட்டத்துளை இடத்தைப் பிடித்துக்கொள்ள, பிளவு திசையை மட்டும் காத்து, விரிவுக்கு வழிவிடுகிறது. அடுத்து, எல்.இ.டி.யை எரியவிட்டே லென்ஸைப் பொருத்தும் முறை. லென்ஸை ஒரு ரோபோ பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும், சாய்க்கும். வெளியே விழும் ஒளிப்படிவத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். படிவம் சரியான கணத்தில் புற ஊதா ஒளி பாய்ச்சிப் பசையை இறுக்கிவிடுவார்கள். இறுகும்போது பசை சற்றுச் சுருங்கி லென்ஸை இழுக்கும் என்பதால், அந்த அளவுக்கு முன்கூட்டியே தள்ளி வைப்பதும் உண்டு.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு வடிவமைப்பாளர்களும் ஒரு காரணம். இப்போது ஹெட்லைட் ஒல்லியாக இருந்தால்தான் அழகு. ஒல்லி என்றால் குவியத் தூரம் குறையும். 10 மி.மீ. ஆனால் 0.1 மி.மீ. நகர்ந்தாலே 1 சதவீதம் காலி. கற்றையைப் பல துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே எரித்து அணைக்கும் மேட்ரிக்ஸ் விளக்குகளில் இது இன்னும் கடினம். 2013-இல் வந்த அவுடி ஏ8-இன் ஒவ்வொரு விளக்கிலும் ஹை பீமுக்கு மட்டும் 25 எல்.இ.டி.கள். எதிரே வரும் காரின் மேல் விழும் துண்டை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை எரியவிடும். ஒரு துண்டு இடம் மாறினால் அணைக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் விழும். ஆஸ்ராமின் ஈவியோஸ் சிப்பில் தனித்தனியே எரியும் 25,600 ஒளிப்புள்ளிகள், ஒவ்வொன்றும் 40 மைக்ரோமீட்டர். அந்த அளவுக்கு வரும்போது படிவத்தை ஒன்றிரண்டு புள்ளி மேலே கீழே நகர்த்த மென்பொருளே போதும். லென்ஸ் குவியம் தவறி மங்கிப்போன ஓரத்தை மென்பொருளால் கூராக்க முடியாது, அது பசை இறுகிய அன்றே முடிவானது.

நம் கையில் இருப்பது திருகாணி ஒன்றுதான். பம்பர் இடித்துச் சரிசெய்த வண்டி என்றால், டயரில் காற்றுப் பார்த்து, சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். லோ பீமின் தட்டைக் கோடு விளக்கின் நடு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். உங்கள் வண்டிக்கு 1 சதவீதமா, 1.2-ஆ என்பதைப் பல கார்களில் விளக்கின் மேல்பக்கமே அச்சடித்திருப்பார்கள், பானட்டைத் திறந்தால் தெரியும்.