காதுக்கு அளவெடுப்பது

ஒரு சின்னச் சோதனை. ரப்பர் டிப் வைத்த இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, பாஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஏதாவது ஒரு பாட்டைப் போடுங்கள். பாட்டு ஓடும்போதே இரண்டு பக்கமும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சட்டென்று பெருத்தால், இத்தனை நாளாகப் பாட்டின் ஒரு பகுதி உங்கள் காதோரமாக ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

நானும் பல மாதம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கம் மட்டும் டிரம், தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கும். இயர்போனில்தான் கோளாறு என்று ஒருமுறை மாற்றியும் வாங்கினேன். புதியதிலும் அதே தகர டப்பா. கடைசியில் பார்த்தால், என் இடது காதுத் துளை வலதைவிடக் கொஞ்சம் அகலம். அந்தப் பக்கம் மட்டும் ஒரு அளவு பெரிய டிப் போட்டதும் டிரம் டிரம்மாகக் கேட்டது.

காதுக்கு அச்செடுத்துச் செய்யும் கஸ்டம் இயர்போன் வாங்குவதா, மூன்று நான்கு டிப்போடு பெட்டியில் வரும் யுனிவர்சலே போதுமா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்த ஒழுகலைப் புரிந்துகொள்வது நல்லது. தைத்த சட்டைக்கும் ரெடிமேட் சட்டைக்கும் உள்ள வித்தியாசம் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சட்டை தொளதொளவென்று இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். இயர்போன் தொளதொளவென்று இருந்தால் பாட்டே வேறாகிவிடும்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் லேசாக அடைத்துக்கொண்டு பிடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். காற்று விரலிடுக்கில் நழுவிவிடும், அழுத்தம் ஏறாது. வேகமாக ஒரு குத்து குத்தினால் நழுவ நேரமில்லாமல் காற்று கெட்டியாக எதிர்த்து நிற்கும். காதிலும் இதுதான் நடக்கிறது. இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிறைப்பட்டிருக்கும் காற்று ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. இயர்போனுக்குள் இருக்கும் சின்னச் சவ்வு அந்தக் காற்றை அழுத்தியும் தளர்த்தியும்தான் செவிப்பறையை அசைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியில் ஒரு அதிர்வு முடிய 20 மில்லி விநாடி ஆகும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று வெளியேற அது தாராளம். 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒரு அதிர்வு வெறும் 0.2 மில்லி விநாடி. ஆகவே ஒழுகும் இயர்போனில் பாடகரின் குரலும் ஜால்ராவும் அப்படியே இருக்கும், அடித்தளம் மட்டும் காணாமல்போகும்.

ஒழுகாமல் அடைப்பது சுலபமில்லை, காதுத் துளை அப்படிப்பட்டது. பெரியவர்களுக்கு அது சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். நேரான குழாய் கிடையாது, இரண்டு இடத்தில் வளையும். வாயும் சரியான வட்டமாக இருக்காது, நீள்வட்டம். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, அது வளைந்து கொடுக்கும். உள்ளே மிச்சம் முழுக்க எலும்பு, அதன்மேல் மெல்லிய தோல், தொட்டால் வலிக்கும். போதாக்குறைக்குத் தாடை மூட்டு இந்தக் குழாயின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. சுண்டு விரலைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், சுவர் நகர்வது விரலில் தெரியும். மெல்லும்போதும் பேசும்போதும் பாடும்போதும் குழாய் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது.

யுனிவர்சல் இயர்போன் இதைச் சமாளிப்பது மென்மையால். சிலிகான் டிப் வளைந்து ஒட்டிக்கொள்ளும். ஃபோம் டிப்பை விரலால் நசுக்கி உள்ளே விட்டால் மெல்ல விரிந்து எந்த வடிவத்தையும் நிரப்பும். ஆனால் மாட்டத் தெரிய வேண்டும். ஒரு கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் வளைவு நிமிரும். மற்றக் கையால் இயர்போனை உள்ளே விட்டு மடலை விட்டுவிட்டால் கவ்விக்கொள்ளும். ஒரு கையால் திணிப்பவர்களில் பலருக்குப் பாதிதான் உள்ளே போயிருக்கும்.

எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் முக்கியம். எதுவும் மாட்டாத காது, ஒரு பக்கம் மூடிய குழாய். பாட்டில் வாயில் ஊதினால் அதற்கென்று ஒரு சுருதி எழுவதுபோல, இந்தக் குழாயும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை 10 டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டுப் பழகியதால் அது நமக்குத் தெரிவதில்லை. இயர்போன் மாட்டியதும் குழாயின் இரண்டு முனையும் அடைபடும், அந்த இயல்பான ஏற்றம் போய்விடும். வடிவமைப்பாளர்கள் அதை இயர்போனிலேயே ஈடுகட்டி வைக்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் மூடிய குழாய்க்கு வேறொரு ஒத்ததிர்வு, அதாவது அது தானாகத் தூக்கிக் கொடுக்கும் சுருதி, உண்டு. செவிப்பறைவரை 20 மில்லிமீட்டர் மிச்சமிருந்தால் அது 8,500 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். இன்னும் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் 11,000ஐத் தாண்டிவிடும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மை இந்தப் பகுதியைச் சேர்ந்தது. ஒரே இயர்போனை ஒருவர் "காதைக் கிழிக்கிறது" என்றும் இன்னொருவர் "இதமாக இருக்கிறது" என்றும் சொன்னால், இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள்.

கஸ்டத்தின் பெரிய லாபம் இங்கேதான் என்பது என் கருத்து. இயர்போனின் வெளி ஓடு உங்கள் காதின் அச்சு என்பதால் அது ஒரே விதமாகத்தான் உட்காரும், தினமும் அதே ஆழம், அதே கோணம். அதற்காக உள்ளே இருக்கும் ஒலி உங்கள் காதுக்கென்று அமைக்கப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான தயாரிப்புகளில் அளவெடுப்பது வடிவத்துக்கு மட்டும்தான். ஒரு மாடலின் ஒலி பிடிக்காவிட்டால், அதையே அச்செடுத்துச் செய்தாலும் பிடிக்காத ஒலிதான் இன்னும் பத்திரமாக வந்துசேரும்.

அச்செடுப்பதே ஒரு அனுபவம். முதலில் செவித்திறன் நிபுணர் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்ப்பார். குறும்பி இருந்தால் எடுத்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. அப்புறம் நூல் கட்டிய சின்னப் பஞ்சுத் துண்டை இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைப்பார். செவிப்பறையைக் காக்கும் அணை அது. அந்த இடத்தில் தொட்டால் சிலருக்கு இருமல் வரும், ஏனென்றால் தொண்டைக்குப் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளையிலும் இருக்கிறது. அடுத்து குளிர்ந்த சிலிகான் கலவையை ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சுவார். உலகம் ஒரு பக்கமாக அணைந்துபோகும், சொந்த மூச்சு மட்டும் கேட்கும். சில நிமிடத்தில் இறுகியதும் மெல்லத் திருகி உருவுவார். இந்த அச்சை ஸ்கேன் செய்து, கணினியில் செதுக்கி, ஒளிபட்டால் இறுகும் பிசினில் முப்பரிமாண அச்சாக எடுப்பதுதான் இப்போது வழக்கம்.

எனக்கு முதல்முறை அச்செடுத்தவர் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். வந்த இயர்போன் சும்மா இருக்கும்போது கச்சிதம், வாய் திறந்தால் பாஸ் ஓடிவிடும். இரண்டாம் முறை வேறொருவர் பற்களுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து, வாய் திறந்த நிலையில் எடுத்தார். அது சரியாக அமைந்தது. பாடுகிறவர்களுக்கு இப்படித் திறந்த வாயோடு எடுப்பதே முறை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அச்செடுக்கும் வித்தை காது கேட்கும் கருவிகளுக்காக முன்பே இருந்ததுதான். மேடையில் அது பரவக் காரணம் இரைச்சல். டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் குழுவின் ஒலி கேட்க, ஸ்பீக்கரை அதைவிடச் சத்தமாக வைக்க வேண்டியிருந்தது. 1995இல் வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம் வாசித்த அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருந்தும் மானிட்டரை, அதாவது மேடையில் தன் குழுவின் ஒலியைக் கேட்பதற்கான இயர்போனைச் செய்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அதற்கு முன்பே, 1991இல், எடிமோட்டிக் நிறுவனம் இஆர்-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்திருந்தது. அது யுனிவர்சல்தான், மூன்றடுக்குக் குடைபோன்ற டிப் வைத்துக் காதில் ஆழமாக இறங்குவது. வெளிச்சத்தத்தை அடைப்பதில் அது போன்ற ஆழ டிப்பும், நன்றாக உட்கார்ந்த ஃபோமும் கஸ்டத்துக்கு இளைத்தவை அல்ல. சத்தத்தை அடைக்க மட்டும் கஸ்டம் வாங்குவது வீண்செலவு.

அடைப்பு நன்றாக இருந்தால் ஒலியைக் குறைத்தே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது.

கஸ்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வாங்குமுன் மாட்டிப் பார்க்க முடியாது. மாதிரிக்குத் தரும் யுனிவர்சல் வடிவம் காதில் வேறு ஆழத்தில் உட்காருவதால், செய்து வந்ததும் ஒலி கொஞ்சம் மாறியிருக்கலாம். யாருக்கும் இரவல் தர முடியாது, விற்பதும் கடினம். அக்ரிலிக் ஓடு கெட்டி, பழுது பார்க்கலாம், ஆனால் தாடையோடு வளைந்து கொடுக்காது. சிலிகான் ஓடு வளைந்து கொடுக்கும், திறந்து பழுது பார்ப்பதுதான் பெரும்பாடு. உடல் எடை கூடினாலோ குறைந்தாலோ காதும் மாறும். வளரும் பிள்ளைகளுக்கு நிச்சயம் வேண்டாம்.

நடுவழி ஒன்று இருக்கிறது. இயர்போன் யுனிவர்சலாகவே இருக்கட்டும், டிப்பை மட்டும் அச்செடுத்துச் சிலிகானில் செய்துகொள்ளலாம். எந்த அளவு டிப்பும் நிற்காமல் நழுவும் காதுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மேடையில் பாடுகிறவர்கள், தினமும் நாலைந்து மணி நேரம் காதைவிட்டுக் கழற்றாதவர்கள் முழுக் கஸ்டத்துக்குப் போகலாம். மற்றவர்கள் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக டிப் அளவு தேடுவதில் ஒரு மாலையைச் செலவழிக்கட்டும்.

நான் உட்கார்ந்து வேலை செய்யும்போது கஸ்டம். நடக்கும்போது கஸ்டமும் இல்லை, ஃபோமும் இல்லை. எலும்பு வழியாக வந்து குருத்தெலும்புச் சுவரை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலி, திறந்த காதில் வெளியே போய்விடும். அடைத்த காதிலோ உள்ளேயே தங்கி, சில சமயம் 20 டெசிபல் அளவுக்கு உரத்துவிடும். ஒவ்வொரு காலடிக்கும் மண்டைக்குள் யாரோ தொம் தொம் என்று குதிப்பதுபோல் இருக்கும். அதனால் துளையை அடைக்காமல் அதன் வாயிலேயே தொங்கும் பழைய வகை இயர்பட்தான் நடைக்கு. பாஸ் கிடையாது, பரவாயில்லை, பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்கும்.