புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்: ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "டியூஷனில் சேர்த்துவிடலாமா டீச்சர்?" என்பதுதான். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பாசிரியர் பொறுப்பும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். "வீட்டில் எப்படிப் படிக்கிறான்?" என்று திருப்பிக் கேட்பேன். "அதெல்லாம் நன்றாகச் சத்தம் போட்டுப் படிக்கிறான்" என்று பெருமையோடு பதில் வரும். அடுப்படியில் நின்றுகொண்டு, கூடத்திலிருந்து வரும் சத்தத்தை வைத்தே பிள்ளையின் படிப்பை அளந்துவிடும் தாய்மார்கள் நம் ஊரில் அதிகம். சத்தம் நின்றால், "என்ன, படிப்பு நின்றுவிட்டதா?" என்று ஒரு குரல் வரும். அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன், ஆறாம் வகுப்பில் என்ன மாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் நடத்தியிருப்பார். யாருக்குக் கழித்தல் தடுமாறும், யார் வாசிக்கும்போது வரியை விழுங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நேற்று நடத்தியதை இன்று காலையில் அவரே கேட்டுவிடுவார். இங்கே மணி அடித்தால் ஆள் மாறும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பேர். ஒரே நாளில் ஐந்து பேரும் வீட்டுப்பாடம் கொடுப்பதும் உண்டு, ஒரு வாரம் முழுக்க ஒருவரும் கொடுக்காமல் இருப்பதும் உண்டு. நாங்கள் கலந்து பேசித்தான் கொடுக்கிறோம் என்று எந்த ஆசிரியராவது சொன்னால் நம்பாதீர்கள். நேற்றைய பாடத்தை மறுபடி கேட்கும் வேலை இப்போது பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. இதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. வீட்டுப்பாடம் இல்லையென்றால் படிக்க ஒன்றுமில்லை என்றே அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, தேர்வு முறை. 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தது: ஆண்டு மூன்று பருவமாகப் பிரிந்தது, பருவத்துக்கு ஒரு புத்தகம் என்றானது. ஆறாம் வகுப்புக்கு ஒரு பருவத்துக்கு 100 மதிப்பெண்; அதில் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவம் நடக்கும்போதே வகுப்பில் தரும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40, தொகுத்தறி மதிப்பீடு எனும் பருவ இறுதித் தேர்வுக்கு 60. பை கனம் குறைந்தது, நல்லது. ஆனால் பருவம் முடிந்ததும் புத்தகம் பரணுக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போய்விடுகிறது. முதல் பருவ அறிவியலின் முதல் பாடம் 'அளவீடுகள்'. அதில் வரும் அலகுகள் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்வரை கூடவே வரும். அந்தப் புத்தகத்தைக் காலாண்டு விடுமுறையோடு தலைமுழுகலாமா? எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் இந்த ஓட்டை உடனே தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் தெரியும்போது பொதுத்தேர்வுக்கு ஓராண்டுதான் மீதி இருக்கும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். ஒரு பத்தியை ஐந்து முறை உரக்கப் படித்தால் ஐந்தாவது முறை நாக்கு தடையில்லாமல் ஓடும். பிள்ளைக்கும் 'வந்துவிட்டது' என்று தோன்றும், கேட்பவருக்கும் தோன்றும். ஆனால் வந்திருப்பது அந்த வரிகளோடு ஒரு பழக்கம் மட்டுமே. புத்தகம் கண்முன் இருக்கும்வரை எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும்; தேர்வறையில் புத்தகம் இருக்காது.

2006இல் அமெரிக்காவின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்த குழுவுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. அவர்கள் கல்லூரி மாணவர்கள். பதினொரு வயதில் இந்த மயக்கம் குறைவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "நேற்று நன்றாகப் படித்தேன் டீச்சர், இப்போது மறந்துவிட்டது" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்வதில்லை.

ஆகவே நான் சொல்லும் முறை இதுதான். பாடத்தை ஒருமுறை, அவசரப்படாமல், புரியும்படி படிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். ரஃப் நோட்டில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுத வேண்டும். வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை, எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், படம் வரைந்தாலும் சரி. சிந்துவெளி நாகரிகப் பாடம் என்று வையுங்கள். முதல் முறை 'மொஹஞ்சதாரோ, பெருங்குளம், சுட்ட செங்கல், கழிவுநீர் வடிகால்' என்று நான்கைந்து சொல் வரும். பிறகு பேனா நின்றுவிடும். அப்போது உடனே புத்தகத்தைத் திறக்கவிடாதீர்கள். இரண்டு நிமிடம் திணறட்டும். "ஏதோ கப்பல் கட்டும் இடம் ஒன்று வந்ததே..." என்று தேடும் அந்தத் திணறல்தான் படிப்பு. அதன்பின் திறந்து பார்த்து 'லோத்தல், குஜராத்' என்று வேறு நிறப் பேனாவால் சேர்க்கட்டும். அந்த வேறு நிறத்தில் இருப்பவைதான் நாளைக்குப் படிக்க வேண்டியவை. ஏற்கெனவே வந்ததை மறுபடி படிப்பது பிள்ளைகளுக்குச் சுகமாக இருக்கும், அதனால்தான் அதையே செய்துகொண்டிருப்பார்கள்.

மனப்பாடச் செய்யுளுக்கு மட்டும் சத்தம் வேண்டும். எதுகையும் மோனையும் காதில் விழுந்தால் அடுத்த அடியைத் தாமே இழுத்துக்கொண்டு வரும். அங்கும் நான்கு அடியைப் படித்துவிட்டுப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். பார்த்துப் பார்த்து நாற்பது முறை படிப்பதில் பயனில்லை.

"நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். இந்த வேலைக்கு நீங்களே மிகப் பொருத்தமானவர்கள். "இன்று டீச்சர் என்ன நடத்தினார்? எனக்குச் சொல், பார்க்கலாம்" என்று கேளுங்கள். பூ கட்டிக்கொண்டே கேட்கலாம், அரிசி புடைத்துக்கொண்டே கேட்கலாம். உங்களுக்கு உண்மையாகவே தெரியாது என்பதால் "அது ஏன் அப்படி?" என்று கேட்பீர்கள். பேத்தி புரியாமல் உருப்போட்டிருந்தால் அந்த 'ஏன்' வந்ததும் மாட்டிக்கொள்வாள். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இந்தக் கணக்கை அப்போதே போட்டுவிட்டார்: ஆசிரியர் சொல்லிக் கேட்பதால் வருவது கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பழகிக் கால் பங்கு, மீதி அரைப் பங்கும் தான் பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் வரும். அந்த அரைப் பங்கைத்தான் நாம் டியூஷன் கட்டணம் கட்டி இன்னொரு கால் பங்காக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது, எப்போது திருப்புவது. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் ஒரு நாளுக்குள்தான் மிக அதிகம், பிறகு வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. அதனால், நடத்திய அன்று மாலையே பத்து நிமிடம் புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பது, தேர்வுக்கு முந்திய இரவின் நான்கு மணி நேரத்தைவிட மேலானது. அதே பாடத்தை இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, மாத முடிவில் ஒருமுறை தொட்டால் போதும். ஒவ்வொரு முறையும் எடுக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும்.

எந்தப் பாடத்தை எப்போது தொடுவது என்று அட்டவணை போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாளில் அதைக் கைவிட்டுவிடும். சுவரில் கலர் கலராக ஒட்டிய அட்டவணைகள் எத்தனையோ பார்த்தாயிற்று; அவற்றை வரைவதில் காட்டும் ஆர்வம் வரைந்ததோடு தீர்ந்துவிடுகிறது. அட்டைப் பெட்டி முறை இதைவிட எளிது. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் பரப்பியது. நம் வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை அதற்கு வெட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு துண்டில் கேள்வி, இன்னொரு துண்டில் பதில் எழுதி முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டால் ஓர் அட்டை. மூன்று பெட்டிகள், அல்லது மூன்று பழைய உறைகள். புதிய அட்டைகள் முதல் உறையில். அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாவது உறைக்குப் போகும். அது வாரம் இருமுறை. அங்கும் சரியாக வந்தால் மூன்றாவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தவறினால், எந்த உறையில் இருந்தாலும் மறுபடி முதல் உறைக்கு. எதைப் படிப்பது என்று பிள்ளை முடிவெடுக்க வேண்டியதில்லை, உறை முடிவெடுத்துவிடும். ஆங்கிலச் சொற்கள், அறிவியல் அலகுகள், ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நெடிய விடைகளுக்கு இது உதவாது.

கணக்கைப் 'படிக்கும்' பிள்ளைகளும் இருக்கிறார்கள். கையேட்டில் உள்ள விடையைப் பார்த்து நோட்டில் அழகாக எழுதி, அடிக்கோடிட்டு வைத்திருப்பார்கள். எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையைத் தாளால் மறைத்துக்கொண்டு தாமே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக் கணக்குகளைக் கலந்தும் போட வேண்டும். மீச்சிறு பொது மடங்குப் பயிற்சியில் எல்லாக் கணக்குக்கும் விடை மீச்சிறு பொது மடங்குதான் என்பதால் கேள்வியை வாசிக்காமலேயே போட்டுவிடலாம். தேர்வில், '4, 6, 8 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்கும் மூன்று மணிகள் மறுபடி எப்போது ஒன்றாக ஒலிக்கும்?' என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே '24 மாம்பழமும் 36 கொய்யாவும் மீதமின்றி அதிகபட்சம் எத்தனை கூடைகளில் சமமாகப் பிரிக்கலாம்?' என்று வரும். முதலாவது மீச்சிறு பொது மடங்கு, விடை 24 நிமிடம். இரண்டாவது மீப்பெரு பொதுக் காரணி, விடை 12 கூடை. எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். வகுத்தலில் விழுவது குறைவு. பழைய பயிற்சிகளிலிருந்து தினமும் இரண்டு கணக்கைப் புதியவற்றோடு சேர்த்தால் இது சரியாகும்.

ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிப் பிரிவில் சேரும் பிள்ளைகளின் பாடு தனி. அவர்கள் உருப்போடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, வேறு வழி தெரியாததுதான் காரணம். பாடத்தை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. மீதி இருப்பது சொற்கள் மட்டும். 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றால் ஒளிச்சேர்க்கை என்று ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிரே தமிழ் என்று எழுதிக்கொண்டு வரட்டும். அதே வகுப்பின் தமிழ்வழிப் புத்தகத்தை ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பாடமும் படமும் ஒன்றே, மொழிதான் வேறு.

தூக்கத்தில் நம் வீடுகள் செய்யும் கெடுதலைச் சொல்லாமல் விட முடியாது. தொலைக்காட்சித் தொடர்கள் முடிந்து விளக்கு அணையப் பத்தரை மணி. விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளையை எழுப்பி உட்காரவைப்பது. ஐந்தரை மணி நேரத் தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. முதல் பாடவேளையில் மேசையில் சாயும் தலைகளை நான் எழுப்புவதில்லை. படித்தது மனத்தில் படிவதற்கும் தூக்கம் தேவை. ஒன்பது மணிக்குப் படுக்கட்டும், காலை ஆறு மணிக்கு எழட்டும். கைபேசி படிக்கும் இடத்தில் இருக்க வேண்டாம், பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டுமென்றால் பார்த்துவிட்டு உங்களிடம் திருப்பித் தரட்டும். தனி அறையும் மேசையும் இல்லாதது பெரிய குறையில்லை. ஒரே அறை வீட்டில் மாலை ஐந்தரை முதல் ஆறரைவரை தொலைக்காட்சி ஓடாது என்ற உறுதி இருந்தால் போதும். வண்ண வண்ண ஹைலைட்டர் பேனாக்களுக்குச் செலவழிக்காதீர்கள்.

டியூஷன் கேள்விக்கு என் பதில்: ஆறாம் வகுப்புக்குப் பொதுவாக வேண்டாம். பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம் மறுபடி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால், எழுதிப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்? ஆனால் உங்கள் பிள்ளை தமிழ்ப் பத்தி ஒன்றையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறதென்றால் மேலே சொன்ன எந்த முறையும் பலிக்காது. அதைத் தள்ளிப்போடாமல் வகுப்பாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா என்றும் கேளுங்கள். கண்ணாடி போட்டதும் 'மந்தம்' தெளிந்த பிள்ளைகள் உண்டு.

கடைசியாக, திருத்திய விடைத்தாள். பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்கு வரும்போது மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு திட்டு, அல்லது ஒரு தட்டு, பிறகு கையெழுத்து என்று முடித்துவிடுகிறோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் தவறான ஒவ்வொரு விடையையும் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தெரியாமல் போயிற்றா, தெரிந்தும் மறந்ததா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா?" தெரியாததைப் புத்தகத்தில் தேடிப் படிக்கட்டும். மறந்தது அட்டையாகி முதல் உறைக்குப் போகட்டும். வாசிக்காமல் விட்டதென்றால் அந்தக் கேள்வியை இப்போது உங்களுக்கு நிறுத்தி வாசித்துக் காட்டட்டும். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.