கலந்துரையாடலை நடத்துபவர் நடுவர் அல்லர்

எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி கடந்த வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. குழுக் கலந்துரையாடலை நடத்திய மாணவன், எல்லோர் முன்னிலையிலும், "நீ வாயே திறக்க மாட்டாயா? மார்க் வேண்டாமா?" என்று அவளைக் கேட்டிருக்கிறான். அந்தப் பையன் நல்ல பையன்தான். "எல்லோரையும் பேச வை" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். எப்படிப் பேச வைப்பது என்று நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. இந்த ஆண்டில் என் காதுக்கு வந்த நான்காவது சம்பவம் இது.

நன்றாகப் பேசுகிறவன் நன்றாக நடத்துவான் என்ற நம்பிக்கைதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவனைக் கூப்பிட்டு, "நீ நடத்து தம்பி" என்று விட்டுவிடுகிறோம். அவன் கண்டு வளர்ந்தது பட்டிமன்றம். ஆகவே உட்கார்ந்ததும் நடுவராகிவிடுகிறான். முன்னுரை சொல்கிறான், ஒவ்வொருவர் பேசி முடித்ததும் அதற்கு ஒரு விளக்கம் தருகிறான், கடைசியில் தீர்ப்பும் சொல்கிறான். நாற்பது நிமிட வகுப்பில் பாதியை அவனே எடுத்துக்கொள்கிறான். பட்டிமன்றத்துக்கு நடுவர் வேண்டும், அது வேறு கலை. வகுப்பில் நடத்துபவருக்குத் தீர்ப்பு சொல்லும் வேலை கிடையாது. அவர் பேச்சு குறையக் குறைய மற்றவர்கள் பேச்சு வளர வேண்டும். வேலைவாய்ப்பு முகாமுக்காகப் பழக்கும் குழு விவாதத்தையும் இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். அங்கே பத்துப் பேரில் தான் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும். இங்கே மற்ற ஒன்பது பேரும் தெரிய வேண்டும். இதை எத்தனை கூட்டங்களில் சொல்லியாயிற்று!

முதலில் கேள்வி அமைக்கக் கற்றுக்கொடுங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பஸ் பயணம் பற்றிப் பேச வைத்தோம். "இத்திட்டம் நல்லதா, கெட்டதா?" என்று கேட்ட குழு ஐந்தே நிமிடத்தில் இரண்டு அணியானது. பக்கத்துக் குழுவை நடத்திய பெண், "டிக்கெட் காசு மிச்சமான பிறகு உங்கள் வீட்டில் யாருடைய போக்குவரத்து மாறியது?" என்று கேட்டாள். அம்மா இப்போது தொலைவில் உள்ள சந்தைக்குப் போவதை ஒருவன் சொன்னான். தன் ஊருக்குக் கட்டணமில்லா நகரப் பஸ்ஸே வருவதில்லை என்றாள் இன்னொருத்தி. பொருளாதாரப் பாடம் அங்கே தொடங்கியது. கையில் விவரம் உள்ள எவரும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

அடுத்தது மௌனம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். 1974இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையின்படி, மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மாணவனிடம் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். வகுப்பில் ஐந்து நொடி மௌனம் மிக நீளமாகத் தோன்றும். அதைத் தாங்கிக்கொள்ளப் பழக்கம் வேண்டும். யாரும் பேசத் தொடங்கும் முன் எல்லோரும் தங்கள் பதிலை ஒரு நிமிடம் தாளில் எழுதட்டும்.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்திவிட்டு, "இவள் ஆர்வமில்லாதவள்" என்று குறித்து வைக்காதீர்கள். யோசிப்பது தமிழில் நடக்கட்டும். ஆங்கிலப் பயிற்சிக்கு வேறு பாடவேளை இருக்கிறது.

நான் ஒவ்வொரு குழுவிலும் ஒரு மாணவரைப் பேசாமல் உட்காரவைத்து, தாளில் பெயர்களை வட்டமாக எழுதச் சொல்வேன். யார் யாருக்குப் பதில் சொல்கிறாரோ அந்த இரு பெயருக்கும் இடையே ஒரு கோடு. முடிவில் அந்தத் தாளை நடத்தியவரிடம் மட்டும் கொடுப்பேன். போன மாதம் ஒரு தாளில் எல்லாக் கோடும் நடத்தியவன் பெயரில் வந்து குவிந்திருந்தது, மற்றவர்களுக்கிடையே ஒன்றுகூட இல்லை. அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த வாரம் அவன் அதிகம் கேட்ட கேள்வி, "இவர் சொன்னதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

சக ஆசிரியர்களே, எத்தனை முறை பேசினார் என்று எண்ணி அக மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். விவாதம் நடக்கும்போது குழுவின் தலைமாட்டில் நிற்காதீர்கள். நீங்கள் நின்றால் பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நடத்தும் பொறுப்பைச் சுழற்சியில் கொடுங்கள், ஒரே மாணவனிடம் செமஸ்டர் முழுவதும் விடாதீர்கள்.

பேசாதவரை "ஏன் பேசவில்லை" என்று யாரும் கேட்க வேண்டாம், தயவுசெய்து. "நீங்கள் தாளில் எழுதியதில் ஒரு வரி படித்துக் காட்டுகிறீர்களா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் அடுத்தவரிடம் போகட்டும், பிறகு மறுபடி அவரிடம் வரட்டும்.