கதைமாந்தரின் கழுத்தில் அழுக்கு

அண்மையில் படித்த ஒரு சிறுகதையில், பள்ளி மாணவி ஒருத்தியை எழுத்தாளர் ஒரே வரியில் அறிமுகப்படுத்தியிருந்தார்: பருத்த உடல், எண்ணெய் வழியும் முகம், கழுத்து மடிப்பில் படிந்த அழுக்கு. அவள் சோம்பேறி, ஒழுங்காகக் குளிக்காதவள் என்று வாசகர் முடிவு கட்டுவதற்கு மூன்றாவது விவரம் ஒன்றே போதும். தோல் மருத்துவரான எனக்கோ கதை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு யாராவது சர்க்கரைப் பரிசோதனை செய்து பார்த்தார்களா என்ற கேள்விதான் மனத்தில் ஓடியது.

கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணியைப் போலத் தோல் தடித்துக் கறுப்பதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்கிறோம். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்துபோன அந்த இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. பின்னாளில் வரக்கூடிய நீரிழிவுக்குப் பல பிள்ளைகளிடம் இதுவே முதல் எச்சரிக்கை. என்னிடம் வந்த 14 வயதுப் பெண் ஒருத்தியின் கழுத்தில் கறுப்போடு கீறல்களும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் பயத்தமாவு போட்டு, பீர்க்கங்காய் நாரால் அம்மா தேய்த்துவிட்டதன் தடம் அது. தேய்க்கத் தேய்க்கத் தோல் மேலும் தடிக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. பள்ளி விதிப்படி மடித்துக் கட்ட வேண்டிய இரட்டைச் சடையை, கழுத்து தெரியாதபடி தளர்த்தித் தொங்கவிட்டிருந்தாள் அந்தப் பெண். நான் சடையை ஒதுக்கிப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கதை எழுதியவர் அந்தச் சடையைப் பார்த்திருந்தால், 'அழுக்கு' என்ற சொல்லே அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

தோலைக் குணத்தின் சான்றிதழாக ஆக்குவது நம் எழுத்தாளர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற 10 வில்லன்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் 6 பேரின் தோற்றத்தில் தழும்பு, வழுக்கை, கருவளையம் போன்ற தோல் சார்ந்த அடையாளங்கள் இருப்பதாக 2017-இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. முகத்தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று 2018-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அறிவித்தது. இங்கே அப்படி எந்த அறிவிப்பும் தேவையில்லை என்பது என் கருத்து. பக்கத்து இருக்கையில் தழும்புள்ள ஒருவர் அமர்ந்து அதே கதையைப் படிக்கிறார் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

வெண்புள்ளியை எழுதும்போது நேரும் பிழை இதைவிடக் கொடியது. வெண்குஷ்டம் என்ற பழைய பெயர், சம்பந்தமே இல்லாத இரண்டு நிலைகளை ஒன்றாக்கிவிட்டது. வெண்புள்ளி என்பது, நிறமி உண்டாக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிப்பதால் வருவது; தொற்றாது, உணர்ச்சியும் மரத்துப்போகாது. தொழுநோய்த் தேமலோ பால்போல வெளுக்காமல் மங்கலாக இருக்கும், தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும், 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தில் குணமாகும். தொழுநோயை மணமுறிவுக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து 2019-இல் சட்டமே நீக்கிவிட்ட பிறகும், நம் தொடர்கதைகளில் சாபமும் பாவமும் இந்த இரண்டு நோய்களின் உருவில்தான் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடநூல்களில் வெகுகாலம் வெள்ளைத் தோலின் படங்களே இருந்ததால், கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும் என்பதை மருத்துவர்களாகிய நாங்களே அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டோம். ஆகவே, முதல் பத்தியில் கருநிறத்தாள் என்று எழுதிவிட்டு மூன்றாம் பத்தியில் 'கன்னம் ரோஜாவாய்ச் சிவந்தது' என்று எழுதுபவரை நான் கடிந்துகொள்ள முடியாது. ஆனால் நம் பழைய புலவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மாந்தளிரின் நிறத்தை மாமை என்றார்கள். பிரிவால் அந்த நிறம் வெளிறுவதைப் பசலை என்று சொல்லி, பீர்க்கம்பூவின் மஞ்சளோடு ஒப்பிட்டார்கள். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவர்கள் தங்கள் ஊர்த் தோலைப் பார்த்து எழுதினார்கள்.

தோல் ஒருவருடைய நாட்களைச் சேமித்து வைத்திருக்கிறது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்கு நிறமிச் செல்களை அழித்துவிடும். நெற்றி நடுவில் பொட்டின் அளவிலேயே வட்டமாக வெளுத்துப்போகும். கணவர் இறந்து பதினாறாம் நாள் பொட்டை எடுக்கச் சொன்னபோதுதான் தன் நெற்றியில் அந்த வெள்ளை வட்டம் எல்லோர் கண்ணிலும் பட்டது என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். பொட்டை எடுத்தும் அது போகவில்லை என்றார். மூக்கு எடுப்பாக இருந்ததா, கண் பெரிதா என்ற விவரங்கள் எதுவும் எனக்கு இப்போது நினைவில் இல்லை.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி உடைக்கும் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நண்பர், அவளுடைய கைகளை எப்படி வர்ணிப்பது என்று என்னிடம் கேட்டார். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலை அரித்துக் கறுப்பாக்கும், அதற்காகச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள், விரல்நுனிகளில் தோல் உரிந்துகொண்டே இருக்கும் என்று சொன்னேன். கதையில் வரும் அவள் மகளின் கல்யாணத்துக்குள் அந்தக் கறுப்பு போய்விடுமா என்று கேட்டார். சில வாரங்கள் வேலைக்குப் போகாமல் இருந்தால் புதுத் தோல் வந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்கு அத்தனை நாள் லீவு கிடையாதே, டாக்டர்" என்றார். கதை அச்சில் வந்தபோது, கல்யாணப் போட்டோவில் மகளின் தோள்மீது அந்தக் கறுத்த விரல்கள் இருந்தன.