எண்ணெய்ப் படலமும் உப்புத்தாள் கீறலும்: பவுலிங் பந்தின் மேற்பரப்பு வேலை செய்யும் விதம்

வேலூரிலிருந்து விடுமுறை நாளில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், அங்குள்ள மால்களில் பத்து பின்களைக் குறிவைத்துப் பந்தை உருட்டிப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அங்கே அடுக்கில் கிடக்கும் பொதுப் பந்துகள் பெரும்பாலும் வழவழப்பான பாலியஸ்டரால் ஆனவை; எப்படி வீசினாலும் ஏறக்குறைய நேராகவே போகும். போட்டிகளில் ஆடுபவரின் பந்தோ ஓடுபாதையின் ஓரத்தை ஒட்டிச் சென்று, கடைசிச் சில மீட்டர்களில் வளைந்து பின்களுக்குள் நுழைகிறது. வீசுபவரின் மணிக்கட்டும் பந்தின் உள்ளே புதைத்திருக்கும் கனமான கருவும் இதற்குக் காரணம்தான் என்றாலும், அந்த வளைவு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதைப் பெருமளவு முடிவுசெய்வது பந்தின் தோலில் உப்புத்தாள் விட்டுச் சென்ற கீறல்களே.

லேன் எனப்படும் ஓடுபாதை, வீசும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி, அதாவது 18.3 மீட்டர் நீளமும், ஒரு மீட்டரை விடச் சற்றே அதிகமான அகலமும் கொண்டது. அகலவாக்கில் 39 பலகைகளாக அதைக் கணக்கிடுவார்கள். வெறும் கண்ணுக்கு ஒரே சீராகத் தெரியும் இந்தப் பாதையில் முதல் 40 அடி அளவுக்கு இயந்திரம் ஒன்று எண்ணெய் பூசியிருக்கும். மீதமுள்ள பகுதி உலர்ந்திருக்கும். பூசப்படும் எண்ணெய் மொத்தமே சுமார் 25 மில்லிலிட்டர்தான். இதை 12 மீட்டர் நீளத்துக்கும் ஒரு மீட்டர் அகலத்துக்கும் பரப்பினால், சராசரியாக 2 மைக்ரான் தடிமனுள்ள படலம் கிடைக்கும். உண்மையில் அது எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. பொழுதுபோக்கு ஆட்டத்துக்கான பூச்சில் நடுப்பலகைகளில் எண்ணெய் மிகுதியாகவும் ஓரப்பலகைகளில் மிகக் குறைவாகவும் இருக்கும். குறி தவறி வெளியே போன பந்தை ஓரத்து உராய்வு உள்ளே திருப்பிவிடுவதால் ஆடுபவருக்கு இது சாதகம். கடினமான போட்டிப் பூச்சில் அந்த வேறுபாடு குறைவு. தவறுக்கு மன்னிப்பும் குறைவு.

இனி பந்தின் ஓட்டத்துக்கு வருவோம். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் நொடிக்கு 8.5 மீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 300 சுற்று என்ற முறுக்குடன் பந்தை விடுகிறார் என்று கொள்வோம். பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் என்பதால், அதன் மேற்பரப்பு நொடிக்கு 3.4 மீட்டர் மட்டுமே சுழல்கிறது. இந்த வேகத்தில் வழுக்காமல் உருள வேண்டுமானால் நிமிடத்துக்கு 750 சுற்று தேவைப்படும். ஆகவே கையை விட்டு நீங்கும் பந்து உருள்வதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. பந்து தரையைத் தொடும் இடத்தில் எழும் உராய்வு இரண்டு வேலைகளைச் செய்கிறது: பந்தின் வேகத்தைக் குறைத்துச் சுழற்சியைக் கூட்டுகிறது, சுழற்சியின் அச்சு பாதைக்குச் சாய்வாக இருப்பதால், பந்தைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இந்தப் பக்கவாட்டுத் தள்ளல்தான் வளைவாகத் தெரிகிறது. வேகமும் சுழற்சியும் பொருந்தியவுடன் வழுக்கல் நின்றுவிடுகிறது. அதன்பின் பந்து தூய உருளலில் நேர்கோட்டில் செல்லும், மேலும் வளையாது. வழுக்கல், வளைவு, உருளல் என்ற இந்த மூன்று கட்டங்களும் இரண்டேகால் நொடியளவில் முடிந்துவிடுகின்றன.

எண்ணெயின் மேல் உராய்வுக் கெழு சுமார் 0.04, உலர்ந்த பகுதியில் சுமார் 0.2. ஐந்து மடங்கு வேறுபாடு. பந்தின் மேற்பரப்பு தலையிடுவது இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான். அமெரிக்காவில் பவுலிங் ஆட்டத்தை நிர்வகிக்கும் யுஎஸ்பிசி அமைப்பின் விதிப்படி, ஒரு பந்தின் சராசரி மேற்பரப்புச் சொரசொரப்பு 50 மைக்ரோ அங்குலத்தை, அதாவது 1.27 மைக்ரானைத் தாண்டக் கூடாது. எண்ணெய்ப் படலத்தின் சராசரித் தடிமன் 2 மைக்ரான் என்று பார்த்தோம். இரண்டும் ஒரே அளவு வரிசையில் இருப்பதுதான் இந்த விஷயத்தின் சூட்சுமம். மேலும், சொரசொரப்பின் சராசரி 1 மைக்ரான் என்றால், தனித்தனி மேடுகள் பள்ளங்களிலிருந்து அதைப் போலப் பல மடங்கு உயர்ந்து நிற்கும். தேய்த்து மங்கலாக்கிய பந்தின் மேடுகள் படலத்தைக் குத்திக்கொண்டு தரையைத் தொடுகின்றன. நசுங்கும் எண்ணெய் பள்ளங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. பளபளப்பாக்கிய பந்தில் மேடுகளும் இல்லை, எண்ணெய் ஒதுங்கப் பள்ளங்களும் இல்லை. பந்து படலத்தின் மேலேயே மிதந்து போகிறது.

இந்தக் கீறல்களை அளவோடு உண்டாக்கும் வேலை, பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைகளில் பஃபிங் இயந்திரத்தில் தோலின் முகத்தைத் தேய்ப்பவருக்கு, தாளின் எண் கூடக் கூட மணல் நுண்மையாகும் என்பதும், முரட்டுத் தாளுக்குப் பின் மெல்லிய தாள் போட்ட முகமும் மெல்லிய தாளை மட்டும் போட்ட முகமும் ஒன்றல்ல என்பதும் கைப்பழக்கத்திலேயே தெரியும். பந்துக்கும் இதே கணக்குதான். 500 எண் தாளின் மணல்கள் சுமார் 30 மைக்ரான். 2000 எண்ணில் சுமார் 10 மைக்ரான். ஸ்பின்னர் என்ற மோட்டார் கிண்ணத்தில் பந்தை வைத்துச் சுழலவிட்டு, தண்ணீரில் நனைத்த அப்ரலான் போன்ற வட்டத் தேய்ப்புத் திண்டை உள்ளங்கையால் உச்சியிலிருந்து இடுப்பு வரை அழுத்தி இறக்கி ஏற்றுவார்கள். சாம்பல் நிறக் குழம்பு வழியும். பின்னர் பந்தைத் தலைகீழாக்கி ஒரு முறை, பக்கவாட்டில் திருப்பி மேலும் இரண்டு முறை தேய்ப்பார்கள். ஒரே திசையில் மட்டும் தேய்த்தால் கீறல்கள் வளையம் வளையமாக நின்று, பந்து உருளும் திசைக்கேற்ப வேறு வேறாக நடந்துகொள்ளும். 500-இல் தேய்த்துவிட்டு அதன் மேல் 2000-ஐ லேசாக ஓட்டினால் மேடுகளின் கூர் மட்டும் மழுங்கும், ஆழமான பள்ளங்கள் அப்படியே இருக்கும். படிப்படியாக 4000 வரை ஏறி, கடைசியில் பாலிஷ் போடுவதும் உண்டு.

மங்கலான பந்து அதிகம் வளையும், பளபளப்பான பந்து குறைவாக வளையும் என்பது பரவலான நம்பிக்கை. என் பார்வையில் அது பாதி உண்மை மட்டுமே. பந்திடம் செலவழிப்பதற்கு இருக்கும் சுழற்சிக்கும் சாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. மேற்பரப்பு அந்தக் கையிருப்பைக் கூட்டுவதில்லை, அதைச் செலவழிக்கும் இடத்தை மாற்றுகிறது. எண்ணெய் மிகுந்த, நீண்ட பூச்சுள்ள பாதையில் பளபளப்பான பந்து பிடிமானம் கிடைப்பதற்குள் பின்களை அடைந்துவிடும். அங்கே 500 அல்லது 1000 எண் தேய்ப்பு வேண்டும். அதே மங்கலான பந்தை எண்ணெய் குறைந்த பாதையில் விட்டால், முதல் பாதியிலேயே வளைந்து, கையிருப்பு தீர்ந்து, பின்களுக்கு வெகுதூரம் முன்பே நேர்கோட்டு உருளலுக்கு வந்துவிடும். பத்து பின்களையும் முதல் வீச்சிலேயே சாய்க்கும் ஸ்ட்ரைக்குக்கு ஏற்றதாகச் சொல்லப்படும் 4 முதல் 6 டிகிரி நுழைவுக் கோணம், அதாவது பின்களுக்குள் நுழையும் சாய்வு, அதற்குக் கிடைக்காது. பாலிஷ் போட்ட பந்தோ முன்பகுதியில் எதையும் இழக்காமல் வந்து, உலர்ந்த கடைசி 20 அடியில் ஒரேயடியாகத் திரும்பும். பார்ப்பவர் கண்ணுக்கு அதுவே அதிகம் வளைந்த பந்தாகத் தெரியும்.

இந்தக் கணக்கு ஓர் ஆட்டம் முடிவதற்குள்ளேயே நகர்ந்துவிடுவதுதான் தொல்லை. 1990-களின் தொடக்கத்தில் வந்த, ரியாக்டிவ் ரெசின் என்ற செயற்கைப் பிசினால் ஓடு செய்த பந்துகளின் மேற்பரப்பில் நுண்துளைகள் இருப்பதால், அவை எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. ஒவ்வொரு வீச்சும் பாதையிலிருந்து சிறிது எண்ணெயை எடுத்துச் செல்ல, அனைவரும் வீசும் தடத்தில் உலர்ந்த பட்டை ஒன்று உருவாகிறது. காலையில் சரியாக இருந்த பந்து மதியத்தில் முன்கூட்டியே வளையத் தொடங்குகிறது. மறுபுறம், கூரிய கீறல்கள் சில ஆட்டங்களிலேயே பாதையில் உரசி மழுங்கிவிடும். உறிஞ்சிய எண்ணெயை வெளியேற்ற மிதமான சூடு உதவும் என்றாலும், வேலூரின் கத்திரி வெயிலில் காரின் டிக்கிக்குள் பந்தைப் பூட்டிவைப்பது அதற்கு வழியல்ல; அந்தக் கடும் வெப்பத்தில் பந்தின் ஓடு வெடித்துவிடக்கூடும்.

போட்டி தொடங்கிய பின் பந்தைத் தேய்க்கவோ பாலிஷ் போடவோ விதி இடம் தருவதில்லை. ஆதலால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பயிற்சி வீச்சுகளிலேயே பாதையைப் படித்து, வெவ்வேறு எண்களில் தேய்த்த பல பந்துகளைப் பையில் கொண்டுவருகிறார்கள். எண்ணெய் தேயத் தேய, மங்கலானதை உள்ளே வைத்துவிட்டுப் பளபளப்பானதை எடுக்கிறார்கள்.